தட்டச்சு எழுத்தின் வடிவும் வாழ்வும்

எழுதும் கருவி எழுத்தின் வடிவை ஆளும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்த பின்னும், பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். கூரிய ஆணி ஒரே இடத்தில் அழுந்தினால் ஓலை பொத்துப்போகும். ஆதலின் ஓரெழுத்து மெய்யா, அகரம் ஏறிய உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கருவியின் குறை எழுத்தின் குறையாயிற்று.

இதே உறவை நம் காலத்தில் காட்டும் நல்ல சான்று தட்டச்சுப் பொறி. பொறி ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் எழுத்து மறையவில்லை. நம் கணினிகளில் ‘கூரியர்’ என்னும் பெயருடன் அது குடியிருக்கிறது. ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டிலும் திரைப்படத்தின் தொடக்கத்திலும் காப்பிக் கடையின் விலைப்பட்டியலிலும் அதைக் காண்கிறோம். அவ்வெழுத்து ஏன் அப்படி இருக்கிறது, எங்கே உதவும், எங்கே வெறும் வேடம், தமிழுக்கு மட்டும் அது ஏன் வாய்க்கவில்லை என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் பொறியின் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். விசையை அழுத்தினால், முனையில் எழுத்தைத் தாங்கிய கம்பி எழும்பி மைநாடாவின்மீது அடிக்கிறது. நாடாவின் மை, பின்னால் உருளையில் சுற்றிய காகிதத்தில் பதிகிறது. உடனே உருளையைச் சுமக்கும் வண்டியை ஒரு சுருள்வில் இடப்பக்கம் இழுக்கிறது. இதைத்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கேரியேஜ் என்பார்கள். தடையின்றி விட்டால் வண்டி ஒரே ஓட்டமாய்க் கோடி வரை ஓடிவிடும். அதை மறித்து, ஒரு தட்டலுக்கு ஒரு பல் அளவு மட்டுமே நகரவிடுவது ஒரு சிறு பற்சக்கரம். கடிகாரத்தின் உள்ளே ‘டிக் டிக்’ என்று நேரத்தை அளந்துவிடும் அமைப்புக்கு இது நெருங்கிய உறவு.

அந்தப் பற்சக்கரத்துக்குக் கண் இல்லை. மெலிந்த ‘ஐ’ அடிக்கப்பட்டதா, அகன்ற ‘எம்’ அடிக்கப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது. எதுவாயினும் ஒரே தூரம். பைக்கா என்னும் அளவுடைய பொறிகளில் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து. எலீட் அளவில் 12. ஈய அச்சில் நிலைமை வேறு. டைம்ஸ் எழுத்தில் சிறிய ‘ஐ’யின் அகலம் 278 கூறு என்றால் சிறிய ‘எம்’மின் அகலம் 778 கூறு, அதாவது ஏறத்தாழ மூன்று பங்கு. பொறியிலோ இரண்டும் ஒரே அறையில் வாழ வேண்டும். ஒல்லியான ‘ஐ’ அறையை நிரப்பத் தலையிலும் காலிலும் நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டது. ‘எம்’ தன் மூன்று கால்களையும் ஒடுக்கிக்கொண்டு நெரிசலான ரயில் பெட்டியில் நிற்பவனைப்போல நின்றது. தட்டச்சு எழுத்தின் முகத்தை நாம் ஒரே பார்வையில் அடையாளம் காண்பது இந்த இரண்டு எழுத்தால்தான்.

கோடுகளின் கனத்துக்கும் காரணம் உண்டு. அச்செழுத்தில் ஒரு கோடு தடித்தும் ஒரு கோடு மயிரிழையாய் மெலிந்தும் வரும். அடிக்கும் எழுத்துக்கு அது ஆகாது. பௌதிகம் படித்தவர்கள் எளிதில் உணர்வார்கள்: விசை ஒன்றாய் இருக்க, பரப்புக் குறைந்தால் அழுத்தம் கூடும். முற்றுப்புள்ளியைச் சற்று ஓங்கி அடித்தால் காகிதத்தில் துளை விழுந்ததும், ஸ்டென்சில் தாளில் ‘ஓ’ எழுத்தின் நடுவட்டம் கழன்று விழுந்ததும் பழைய தட்டச்சர்கள் அனைவரும் அறிந்தவை. ஓலைக்கு வந்த அதே சங்கடம் காகிதத்துக்கும் வந்தது, பாருங்கள்! எனவே தட்டச்சு எழுத்தின் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன்; முனைகள் மழுங்கி உருண்டவை.

வரலாற்றை விரைந்து பார்ப்போம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஷோல்ஸ் என்பாரும் அவர் நண்பர்களும் 1868-இல் காப்புரிமை பெற்ற பொறியை, துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனம் தையல் இயந்திரமும் செய்து வந்ததால், முதல் தட்டச்சுப் பொறிக்குப் பூ வேலைப்பாடும் கால்மிதியும் அமைந்தன. பெரிய எழுத்துக்களை மட்டுமே அது அடித்தது. 1878-இல் வந்த இரண்டாம் ரெமிங்டனில்தான் பெரியதும் சிறியதும் ஒரே கம்பியில் ஏறின.

நாம் இன்று காணும் கூரியர் எழுத்தை 1955-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக வரைந்தவர் ஹோவர்டு கெட்லர். செய்தி சுமந்து செல்லும் தூதன் என்பது பெயரின் பொருள். ஐ.பி.எம். அதைத் தனக்கே உரியதென்று காத்துக்கொள்ளவில்லை. எனவே பிற நிறுவனங்களும் தத்தம் பொறிகளில் அதை எடுத்தாண்டன, உலகெங்கும் பரவியது. அதே 1955-இல்தான் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே செய்த முதல் தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. கோத்ரெஜ் பொறியின் உற்பத்தி 2009-இல் நின்றது. கூரியர் இன்னும் நிற்கவில்லை.

அது பொறியிலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்த கதையில் விஞ்ஞான மாணவர்க்கு உகந்த ஒரு செய்தி உண்டு. 1961-இல் ஐ.பி.எம். வெளியிட்ட செலக்ட்ரிக் பொறியில் தனித்தனிக் கம்பிகள் இல்லை. கோல்ஃப் பந்து அளவுள்ள ஓர் உருண்டையின்மேல் 88 உருவங்கள் புடைத்திருந்தன. உருண்டை சுழன்று சாய்ந்து வேண்டிய எழுத்தைக் காகிதத்தில் அடித்தது. பின்னாளில் மானோடைப் நிறுவனம் இவ்வுருண்டையின் எழுத்துக்களை அளவெடுத்து ‘கூரியர் நியூ’ என்னும் கணினி எழுத்துருவை அமைத்தது. 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் அது வீடுதோறும் சென்றது. அளவு சரியே. ஆயினும் எழுத்து நோஞ்சானாய்ப் பிறந்தது! காரணம் எளிது. உலோக உருண்டையில் கோடு மெல்லியதாகவே இருக்கும். அடியின் வேகத்தில் மை சுற்றிலும் பரவிய பிறகுதான் கோடு உரிய தடிமன் பெறும். கருவியை அளந்தவர்கள் காகிதத்தை அளக்கவில்லை. கூரியர் நியூவில் அச்சிட்ட பக்கம் வெளிறித் தெரிவது இதனால்தான். திரைக்கதை எழுதுவோருக்காக 2013-இல் வெளிவந்த ‘கூரியர் பிரைம்’ இக்குறையைப் பெரிதும் போக்கியது. நீங்கள் கூரியரில் ஏதேனும் அச்சிட வேண்டியிருந்தால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

இனிப் பயனைக் காண்போம். பற்சக்கரத்தின் குருட்டுத்தனத்தால் வந்த சம அகலம், குறையாய்த் தோன்றி வரமாய் முடிந்தது. எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலமாயின், பக்கமே ஒரு கட்டம் போட்ட தாளாகிறது. 12 புள்ளி அளவுள்ள கூரியரில் ஒவ்வோர் எழுத்தும் 7.2 புள்ளி அகலம். அங்குலத்துக்கு 72 புள்ளி ஆதலால், அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்து, பழைய பைக்கா கணக்கு அப்படியே. ஆறரை அங்குல வரியில் 65 எழுத்து, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஹாலிவுட்டில் திரைக்கதையை இன்றும் கூரியர் 12-இல் எழுதச் சொல்வது இதனால்தான். உரிய ஓரமும் அமைப்பும் விட்டு எழுதினால் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது அவர்கள் கணக்கு. எழுத்துருவை மாற்றினால் கணக்கு சிதறிப்போகும். நம் மன்றத்து ஆண்டு விழா நாடகம் ஒவ்வோர் ஆண்டும் எல்லை மீறி நீள்வதைப் பார்க்கையில், இத்தகைய ஒரு கணக்கு நமக்கும் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இது வசதி மட்டும் அன்று, தேவை. என் துறை உயிர் இரசாயனம். புரத மூலக்கூறுகளின் அமைப்பைச் சேமித்து வைக்க 1971-இல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்கின் பழைய கோப்பு வடிவம் இன்னும் புழக்கத்தில் உள்ளது. அதில் ஒரு வரிக்கு 80 இடம். துளையிட்ட அட்டை காலத்து மரபு அது. ஓர் அணுவின் மூன்று ஆயங்களுள் முதலாவது 31 முதல் 38 வரையுள்ள இடங்களிலும், இரண்டாவது 39 முதல் 46 வரையிலும், மூன்றாவது 47 முதல் 54 வரையிலும் நிற்க வேண்டும். நடுவே காற்புள்ளியோ கோடோ இல்லை, இடமே எல்லை. கையால் திருத்தும்போது ஒரு வெற்றிடம் கூடிவிட்டால், ஓர் எண்ணின் கடைசி இலக்கம் அடுத்த எண்ணின் தலையில் போய் ஏறிக்கொள்ளும். அணு இருக்க வேண்டிய இடத்தைவிட்டு எங்கோ பறந்துவிடும். கூரியரில் அக்கோப்பைத் திறந்தால் பிசகிய வரி பல்வரிசையில் துருத்திய பல்லைப்போல் கண்ணில் குத்தும். டைம்ஸில் திறந்தால் எல்லா வரியும் கோணலாகவே இருக்கும். பிழையான கோணல் எது, எழுத்துருவின் கோணல் எது என்று பிரித்தறிய முடியாது.

டைம்ஸிலும் இலக்கங்கள் சம அகலம் உடையவைதாமே என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. பத்து இலக்கங்களும் 500 கூறு. ஆனால் வெற்றிடமும் புள்ளியும் அதில் பாதியே, 250 கூறு. வெற்றிடத்தைக் கொண்டு நெடுவரிசை அமைக்கும் எந்தக் கோப்பும் அங்கே குலைந்துவிடும். மரபணு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாய் நிறுத்தி ஒப்பிடும் வேலைக்கும் இதே நியாயம் பொருந்தும். அவ்வேலையில் ஓர் எழுத்து இடம் மாறினால் ஒப்பீடே மாறும்.

குறையையும் கூற வேண்டும். பழைய பொறிகள் பலவற்றில் ‘ஒன்று’ என்னும் இலக்கத்துக்கு விசையே கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தையே ஒன்றாகக் கொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் தழும்பு கூரியரில் இன்றும் உள்ளது. ஒன்றும் ‘எல்’லும், சுழியமும் ‘ஓ’வும் சட்டென்று வேறுபடுவதில்லை. கணினி நிரல் எழுதுவோர் இதனால் படும் பாடு அவர்களுக்கே தெரியும். அவர்களுக்கென்று வந்த கன்சோலாஸ் போன்ற எழுத்துருக்களில் சுழியத்தின் குறுக்கே ஒரு கோடு உண்டு. நிரலுக்கு அதுவே தகும். அன்றியும் நெடிய உரைநடைக்குக் கூரியர் இடத்தை விழுங்கும். டைம்ஸைவிட மிகவும் கூடுதல் இடம் கேட்கும். 2004 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் கடிதங்களில் கூரியர் நியூவைக் கைவிட்டு டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாறியது. கடிதத்துக்குக் கட்டம் எதற்கு? அது சரியான முடிவே.

இதுகாறும் கண்டது உழைக்கும் எழுத்து. இனி வேடம் புனையும் எழுத்தைச் சிறிது பார்ப்போம். தட்டச்சுப் பொறி விற்பனைக்கு வந்து நூறாண்டு நிறைந்ததைக் கருதி 1974-இல் ‘அமெரிக்கன் டைப்ரைட்டர்’ என்னும் எழுத்துரு வந்தது. மழுங்கிய முனையும் உருண்ட கட்டையும் அதில் உண்டு. சம அகலம் மட்டும் இல்லை. பொறியின் சட்டையைப் போட்டுக்கொண்ட அச்செழுத்து அது. மில்டன் கிளேசர் வரைந்த, இதயக்குறி நடுவில் உள்ள புகழ்பெற்ற நியூயார்க் நகரச் சின்னத்தில் இருப்பது இதுவே. அங்கே அழகாகவே இருக்கிறது. 1991-இல் எரிக் வான் பிளாக்லாந்து வெளியிட்ட ‘டிரிக்ஸி’ இன்னொரு வகை. பழைய பொறி ஒன்றில் அடித்த எழுத்துக்களை அவற்றின் கறை, தேய்வு, மைத்திட்டு எல்லாவற்றோடும் படியெடுத்தது அது. ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் அமர்ந்து உலகெங்கும் அறிமுகமாயிற்று. ஆயினும் கூர்ந்து நோக்கினால் குட்டு வெளிப்படும். உண்மைப் பொறியில் ஒரே எழுத்து இருமுறை ஒரேமாதிரி பதியாது. விரலின் வேகமும் நாடாவின் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும். எழுத்துருவிலோ ஓரெழுத்துக்கு ஒரே கறை, அது வரும் இடமெல்லாம் அதே கறை. அதனால்தான் பின்னர் வந்த டிரிக்ஸியில் ஓரெழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து மாற்றி மாற்றி வரச் செய்தார்கள்.

இவ்வேடம் விளையாட்டாய் இருக்கும்வரை நமக்கு வழக்கில்லை. ஆனால் தட்டச்சு எழுத்தைக் கண்டதும் அலுவலகம், கோப்பு, முத்திரை, சான்று என்று நம் மனம் தானாகவே நம்பத் தொடங்குகிறது. நீதிமன்ற வாயிலில் பொறியும் கையுமாய் அமர்ந்திருந்த தட்டச்சர்களிடம் மனுவும் பிரமாணப் பத்திரமும் அடித்து வாங்கிய நாடல்லவா இது! ‘இரகசியச் சுற்றறிக்கை’ என்று வாட்சப்பில் வரும் படம் தட்டச்சு எழுத்தில் இருப்பதாலேயே அதற்கு ஒரு மதிப்புக் கூடிவிடுகிறது. எழுத்தின் தோற்றம் சான்றாகாது. மாறாக, கூர்ந்து அளந்தால் பொய்க்கு எதிரான சான்றாகலாம். 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி, அன்றைய குடியரசுத் தலைவர் புஷ்ஷின் இளமைக் காலப் படைப்பணி பற்றி 1972, 1973-ஆம் ஆண்டுகளில் எழுதியவை என்று சில தாள்களைக் காட்டியது. அவற்றில் எழுத்துக்கள் சம அகலமாய் இல்லை. அன்றைய சாதாரண அலுவலகப் பொறியில் அப்படி அடிக்க இயலாது என்று பலர் சுட்டினர். அத்தாள்கள் உண்மையானவை என்று தன்னால் நிறுவ முடியவில்லை என அந்நிறுவனமே சில நாளில் ஒப்புக்கொண்டது. வழக்கைத் திறந்த சாவி, குருட்டுப் பற்சக்கரத்தின் ஒரு பல்!

இனி நம் மொழிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படுகிறார். அவர் அமைத்த விசைப்பலகையுடன் ஜெர்மனியில் செய்த ‘பிஜோ’ பொறி தமிழர் கைக்கு வந்தது. தமிழ் எழுத்துக்கள் 247. பொறியில் இடமோ 90 அளவில்தான். அவர் எழுத்துக்களை உறுப்புக்களாய்ப் பிரித்தார். ‘கொ’ வேண்டுமாயின் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று தட்டு. உகர ஊகார வரிசைதான் பெருந்தொல்லை. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் தனித்தனி உருவம் ஆதலால் விசைகளைப் பெரும்பங்கு அவையே பிடித்துக்கொண்டன. புள்ளிக்கு அவர் கண்ட வழி நயமானது. அது நகரா விசை: தட்டினால் புள்ளி விழும், வண்டி நகராது, அடுத்துத் தட்டும் மெய் அப்புள்ளியின் கீழேயே வந்து அமரும். ஓலையில் விடுபட்ட புள்ளி, பொறியில் எழுத்துக்கு முன்னால் வந்து நின்றது!

அகலத்தின் கொடுமை தமிழில் இன்னும் கூடுதல். ‘ர’வும் காலும் ஒடுங்கியவை. ‘ண’வும் ‘ஞ’வும் ‘ஊ’வும் பரந்தவை. ஒரே அறையில் அடைத்ததால் மூன்று சுழி ‘ண’ நசுங்கியது. காலுக்கு இருபுறமும் வெளி விழுந்தது. பழைய அரசாங்கக் கோப்புக்களில் தட்டச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தவர்க்கு அந்த நடை நினைவிருக்கும்: சொற்கள் சற்றே பல் இடைவெளி விட்டுச் சிரிப்பதுபோல் இருக்கும். அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் ஒரு முகம் உண்டு.

அந்த முகம்தான் கணினிக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் பொறி போய் எழுத்து நின்றது. தமிழில் எழுத்து போய் விசைவரிசை நின்றது. 1999-இல் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்ற பின்னும், பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்காக அவ்வரிசையும் மென்பொருள்களில் வைக்கப்பட்டுள்ளது. இந்தியிலும் இதே கதைதான். இங்குள்ள நண்பர்கள் அரசாங்கத் தேர்வுக்குக் கிருதி தேவ் எழுத்துருவில் ரெமிங்டன் வரிசை பழகுவதை விடுதியிலேயே காண்கிறோம். விரல் பழக்கம் காக்கப்பட்டது, வடிவம் காக்கப்படவில்லை. கூரியர் நியூவில் கிரேக்கம் உண்டு, ரஷ்யம் உண்டு, அரபும் எபிரேயமும் உண்டு, தமிழ் இல்லை. அதில் தமிழ் எழுதினால் கணினி ஓசையின்றி லதாவையோ நிர்மலாவையோ அழைத்து வந்து நிறுத்திவிடும். கட்டம் கலைந்துவிடும்.

கலைந்தால் என்ன? தமிழ்ச் சொற்களையும் அவை வரும் எண்ணிக்கையையும் வெற்றிடம் கொண்டு அட்டவணையாக்க முயன்று பாருங்கள். ஒரு வரியும் மற்றொரு வரியும் சேராது. ‘கோ’ என்பதை யூனிகோடு இரண்டு குறியாகவே எண்ணுகிறது, ககரமும் ஓகாரக் குறியும். கண்ணுக்கோ அது மூன்று உருவம். குறிக்கு ஓர் அறை என்று எண்ணும் கருப்புத் திரை முனையத்தில் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. தமிழை ஆய்வுப் பொருளாகக் கொண்டு கணினியில் உழைக்க விரும்பும் நம் மாணவன், பிழையைக் கண்ணால் காணும் வசதியை முதல் நாளே இழக்கிறான். வங்காளி நண்பனுக்கும் இதே இடர் உண்டு என்பது ஆறுதல் ஆகாது.

இதற்கு வழி உண்டென்றே நினைக்கிறேன். சீன, ஜப்பானிய எழுத்துக்களைச் சம அகல எழுத்துருவில் அமைப்போர், ஆங்கில எழுத்துக்கு ஓர் அறையும் தம் எழுத்துக்கு இரண்டு அறையும் ஒதுக்குகின்றனர். கட்டம் கலைவதில்லை. தமிழிலும் கால், கொம்பு, ரகரம் போன்றவற்றுக்கு ஓர் அறை, ணகர ஞகரங்களுக்கு இரண்டு அறை என்று வகுக்கலாம். மூன்று சுழி நசுங்க வேண்டியதில்லை. வரைய வேண்டிய உருவங்களைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1, மெய்க்கு உரிய அகர வடிவம் 18, உகர ஊகார வரிசை 36, டி, டீ என்னும் 2, துணைக்குறிகள் 7, புள்ளி 1. ஆக 77. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்னும் ஆறும், அவற்றுக்கு வேண்டிய உகர ஊகாரக் குறிகள் இரண்டும் சேர்ந்தால் 85. ஒரு செலக்ட்ரிக் உருண்டையில் இருந்தவை 88.